அடுத்த பெயர்

துனிசியாவின் சிற்றூர் ஒன்றின் நகராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர் மோங்கி கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். அதையும் ஓட்டாக எண்ணிவிட்டார்கள். ஒரே ஓட்டில் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல் கார் நிறுத்துமிடமாகிவிட்டது.

தேர்தல் பட்டியலில் தன் பெயருக்கு அடுத்து அவரை இரண்டாவதாகப் போட்டு ஜெயிக்க வைத்த தலந்தா அக்காவிடம், காப்பிக் கடையில் பொரிந்து தள்ளினார்.

"பொம்பளைங்களுக்குப் பாதின்னு சட்டம் வந்துச்சு, தகுதி போச்சு! தகுதி பார்த்திருந்தா இப்படி ஆகுமா?"

"ஆகியிருக்காதுதான்."

"அப்போ என்னை மட்டும் தகுதி பார்த்துத்தானே போட்டே? நேராச் சொல்லுக்கா."

"இன்ஜினியரா இருக்கிற பொண்ணு ஹாஜரைத்தான் போட நினைச்சேன். பொண்ணு பேருக்கு அடுத்து ஆம்பளை பேருதான் வரணும்னு அதே சட்டம் சொல்லிருச்சு. அன்னைக்கு இந்தக் கடையில வேலையில்லாம உட்கார்ந்திருந்த ஆம்பளை நீதான், மோங்கி."