நகராமல் நின்றவர்கள்

கண்காட்சிச் சுவரில் இருந்த புகைப்படத்தில், எந்தக் காலத்துக் கடைத்தெருவோ பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு எள் போட்டா எள் விழாத கூட்டம்," என்றார் படமெடுத்தவர். "கேமரா ஷட்டரை ரொம்ப நேரம் திறந்தே வெச்சேன். நடந்தவங்க எல்லாம் புகையாயிட்டாங்க. அசையாம நின்னவங்க மட்டும்தான் படத்துல விழுந்திருக்காங்க."

மணிக்கூண்டின் கீழே ஓர் இளைஞன் தெளிவாக நின்றான்.

"நீங்கதான்!" கண்காட்சி பார்க்க வந்திருந்த வயதான தம்பதியில், கணவரை இடித்தாள் மனைவி. "முதல்முதலா சந்திச்ச அன்னிக்கு, லேட்டா வந்த என்கிட்ட 'நானும் இப்பதான் வந்தேன்'னு அளந்தீங்களே!"

அசடு வழிந்தவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"சரி, லேட்டா வந்தவ இந்தத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு என்னையே பார்த்துட்டு நிக்கிறாளே, அது எப்படி?"

"வாங்க, நேரமாச்சு," என்று அவள் நழுவப் பார்த்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நகராத. புகையாயிடுவ."