ஒன்பதாம் கட்டில்

கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க சார். அசைஞ்சா கண்ணு போயிடும்" என்றார் டாக்டர்.

படையையே நடுங்கவைத்த தளபதி, பெட்டிப்பாம்பாக ஆபரேஷன் மேசையில் கிடந்தார். முகத்தை மூடிய பச்சைத் துணியில் ஒரே ஒரு ஓட்டை. அதற்குள் புரை விழுந்த கண். கண்தான் மரத்திருந்ததே தவிர, வாய் மரத்துப்போகவில்லை.

"என்னய்யா, கை நடுங்குதா?"

"இல்ல சார்."

நிஜம்தான். கை தயாராகத்தான் இருந்தது, தயங்கியது டாக்டர்.

காரணம் வார்டில், ஒன்பதாம் கட்டிலில் இருந்தது. வலது கண்ணில் குண்டுச் சிதறலோடு வந்த சிப்பாய். கண் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் அவனுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் போர்முனைக்கு நடந்து போய்ப் பெட்டியில் திரும்பியவர்கள். இவனையும் அனுப்ப டாக்டருக்கு மனசு வரவில்லை. கட்டுப் போட்டே படுக்கவைத்திருந்தார். அவனோ விளக்கணைத்ததும் கட்டை அவிழ்த்துவிட்டுச் சீட்டாட உட்கார்ந்துவிடுவான். வார்டில் அவனுக்கு ஆந்தை என்றே பெயர்.

வாராவாரம் தளபதி வார்டைச் சுற்றி வருவார். கட்டில் காலில் இடித்துக்கொண்டு, "இங்க யாரு?" என்பார்.

"கண்ணுல சிதறல் சார், இன்னும் ஆறல" என்பார் டாக்டர்.

"ம்" என்று நகர்ந்துவிடுவார்.

தளபதிக்கு ஒரு கண்ணில் முழுப் புரை. மற்றதில் அவ்வளவு மங்கல் இல்லையே என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம். ஆனால் தளபதி தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். அவரோடு யார் வாதாடுவது? ஆபரேஷனைக்கூட அவரே தள்ளித் தள்ளித்தான் போட்டார். மேலிடம்தான் விடவில்லை.

கை கழுவும்போதே நர்ஸ் சொல்லியிருந்தாள். "இவருக்குக் கண்ணு தெரிஞ்சா ஆந்தை போர்முனைக்கு, நீங்க ஜெயிலுக்கு. நான் எங்கேன்னு எனக்கே தெரியல டாக்டர்."

கத்தி ஒரு நூல் பிசகினால் போதும், ஆந்தை பிழைத்தான். ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

பாழாய்ப்போன கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பழகின வேலையைப் பழுதில்லாமல் செய்தது. புரை வெளியே வந்தது, லென்ஸ் உள்ளே போய் உட்கார்ந்தது.

"அவ்வளவுதானா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்றார் தளபதி, ஏமாற்றத்தோடு.

மறுவாரம் வார்டுக்குள் வந்தவர் எந்தக் கட்டிலிலும் இடித்துக்கொள்ளவில்லை. "இவன் சட்டையில பட்டன் எங்க?" என்றார். "ஒட்டடை அடிக்க ஆள் இல்லையா?" என்றார். நேரே ஒன்பதாம் கட்டிலுக்கு வந்து நின்றார். இடது கண்ணில் கட்டோடு ஆந்தை விறைப்பாக எழுந்தான்.

"இங்க யாரு?"

"கண்ணுல... சிதறல் சார். இன்னும்..." என்று இழுத்தார் டாக்டர்.

தளபதி, பின்னால் வந்த அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "நீங்க அடுத்த வார்டைப் பாருங்க. நான் வரேன்."

அவர்கள் போனதும், கையை நீட்டிக் கட்டை உருவினார். பளிங்கு மாதிரி ஒரு கண் அவரைப் பார்த்து விழித்தது. நர்ஸ் சுவரோடு சுவரானாள். டாக்டர் தன் தோள்பட்டைச் சின்னங்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

தளபதி அதே கட்டை ஆந்தையின் வலது கண்ணில் வைத்து, இறுக்கிக் கட்டினார். பிறகு டாக்டரின் தோளில் கை போட்டார்.

"வாராவாரம் கண்ணை மாத்தி மாத்திக் கட்டுனா, நான் எத்தனை நாளைக்குத்தான்யா தெரியாத மாதிரியே நடிக்கிறது?"