மிஞ்சிய ஸ்பிரிங்

"திறக்க வேண்டாம் தம்பி. அப்படியே அனுப்பிடுங்க."

காலையிலிருந்து அண்ணி இதைச் சொல்வது ஐந்தாவது முறை. பட்டறையின் நடுவில் பலகை மேல் கிடந்ததைத் தார்பாயால் மூடி, அதன் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் துக்க வீடு என்றுதான் நினைப்பார்கள்.

தார்பாய்க்கு அடியில் இருந்தது ஒரு கியர்பாக்ஸ். ஆறு வருடமாக ஷெட்டை விட்டு வெளியே வராத மினி லாரியிலிருந்து சின்னவன் இன்றுதான் அதைக் கழற்றி இறக்கியிருந்தான்.

லாரி அவன் அண்ணனுடையது. "ஆட்டோமேட்டிக்டா. கிளட்சே கிடையாது, வீட்ல யாரு வேணாலும் ஓட்டலாம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு வாங்கிய வண்டி. கியர்பாக்ஸ் மக்கர் செய்தபோது, கம்பெனியிலேயே புதுப்பித்துக் கட்டி முடித்த பாக்ஸாகவே வாங்கிப் போடச் சொன்னார்கள் எல்லோரும். "கையில தொழிலை வச்சுக்கிட்டுக் கடையில வாங்குறதா?" என்று வீறாப்பாகக் கேட்டுவிட்டு, சின்னவன் தானே பிரித்து, சீல், ஸ்பிரிங் எல்லாம் அடங்கிய கிட் வாங்கிப் போட்டுக் கோத்துக் கொடுத்தான்.

பத்தாம் நாள், வீட்டு வாசல் சரிவில் நின்றிருந்த லாரி பின்னால் உருண்டது. பின்கதவைத் திறந்துகொண்டிருந்த அண்ணன் மதில்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். அக்கம்பக்கத்தார் ஆளாளுக்கு லீவரை இழுத்து, வண்டியை முன்னால் நகர்த்தி அவனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லீவரைப் பார்க்கில், வண்டி உருளாமல் பூட்டும் நிலையில், போடாமல் இறங்குகிற ஆள் இல்லை அவன். அது எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் சின்னவன் பட்டறைக்கு ஓடி வந்து சாமான் தட்டைப் பார்த்தான். மூலையில் ஒரு குட்டி ஸ்பிரிங் மிஞ்சிக் கிடந்தது. லீவர் பார்க்கிலிருந்து நழுவாமல் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்.

கிட்டில் ஒன்றிரண்டு சாமான் கூடுதலாக வருவது சகஜம்தான். மற்ற மெக்கானிக்குகளுக்கு அவனே அப்படி எத்தனையோ முறை தைரியம் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்த ஸ்பிரிங்கை மாட்டினோமா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டும் அவனுக்கு நினைவு வரவில்லை. பாக்ஸைத் திறந்து பார்க்கவும் துணிச்சல் வரவில்லை.

அதோடு கியர்பாக்ஸ் வேலைக்குக் கும்பிடு போட்டான். பஞ்சர், பிரேக், ஆயில் என்று காலம் போனது. மிஞ்சிய ஸ்பிரிங்கை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். நடந்தால் அது கிலுகிலுக்கும். பின்னால் அண்ணன் வருகிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பான்.

அண்ணி மட்டும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சடலத்தை எடுத்த அன்றே, அத்தனை பேர் முன்னாலும், "உங்க மேல தப்பில்ல தம்பி. எனக்குத் தெரியும்" என்றாள். என்ன மனசு என்று எல்லோரும் வியந்தார்கள். அந்த மனசுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

இப்போது அண்ணன் மகள் லாரியை எடுத்து லோடு அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நின்றே கிடந்ததில் பாக்ஸின் சீல் எல்லாம் காய்ந்துவிட்டது. "நானே பிரிச்சுப் பாக்குறேன் அண்ணி" என்றான் சின்னவன், எப்படியோ துணிந்து.

"வேண்டாம். கட்டினதே வாங்கிப் போடுங்க. பழசை அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்கல்ல?"

எடுத்துப் போய்விடுவார்கள். கம்பெனி வேன் புது பாக்ஸை இறக்கிவிட்டு எக்ஸ்சேஞ்சுக்கு இதை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குச் சாகும்வரை தெரியாது. தன் கையை அண்ணி நம்பவில்லை என்று நினைத்தான். எப்படி நம்புவாள் என்றும் நினைத்தான்.

பன்னிரண்டு மணிக்கு வேன்காரர் போன் செய்தார். சந்து பிடிபடவில்லையாம். வழிகாட்ட அண்ணி தெருமுனைக்குப் போனாள்.

சின்னவன் தார்பாயை உருவினான்.

அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றும்போது அவசரத்தில் இரண்டு உருண்டு ஓடின. தட்டை எடுத்து, கறுத்த ஆயிலைத் துணியால் ஒற்றிவிட்டு டார்ச்சை அடித்தான்.

ஸ்பிரிங் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக. பாக்ஸின் பக்கவாட்டில் லீவர் மாட்டும் கையைப் பார்க்குக்குத் தள்ளினான், டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டி உலுக்கிப் பார்த்தும் நழுவவில்லை. டப்பாவிலிருந்து மிஞ்சியதை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். அச்சு அசலாக அதே ஸ்பிரிங்.

கிட்டில் கூடுதலாக வந்தது. அவ்வளவுதான். ஆறு வருடத்தை இதற்காகவா கொடுத்தோம் என்று தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

வாசலில் வேன் வந்து நின்றது. அண்ணி உள்ளே வந்தாள். திறந்து கிடந்த பாக்ஸைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி. நான் எதையும் விடல." அழுகையும் சிரிப்புமாக ஸ்பிரிங்கை நீட்டிக் காட்டினான். சொன்ன பிறகுதான் மற்றது அவனுக்கு உறைத்தது. "அப்ப... அண்ணனா பார்க்குல போடாம இறங்குனாரு?"

அண்ணி குனிந்து தார்பாயை எடுத்தாள். மறுபடி மூடப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"அன்னைக்கு வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தினது அவரு இல்ல தம்பி, நான்."