ஆர்டர்களுக்கு மட்டும்

பெரியவர் தன் கைப்பேசியை வக்கீலம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் ஒரு பூக்கடையின் பக்கம். பூங்கொத்துப் படங்களுக்குக் கீழே தொலைபேசி எண், அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘இந்த எண் ஆர்டர்களுக்கு மட்டும். வேறு எதற்காகவும் யாரும் அழைக்கக் கூடாது.’

“இப்படிப் போட்டா அதுக்குச் சட்டத்துல மதிப்பு உண்டாம்மா?” என்று கேட்டார். இரவு முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர்போல அவர் சட்டை கசங்கிக் கிடந்தது.

வக்கீலம்மாவுக்கு இது பழகிப்போன புகார். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு நொந்துபோன கடைக்காரர்கள் அடிக்கடி வருவார்கள். இந்த வயதில் இவருக்கு இந்தப் பாடா என்று பரிதாபமாக இருந்தது. ஆனாலும் பொய் நம்பிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

எண்ணை ஊரறியப் போட்டாகிவிட்டது. பார்க்கிறவர் யாரும் அந்த வரிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அது வெறும் வேண்டுகோள்தான், யாரையும் கட்டுப்படுத்தாது என்று எடுத்துச் சொன்னாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தாலோ, மிரட்டினாலோதான் ஏதாவது செய்ய முடியும்.

“ஒரே ஒரு தடவை கூப்பிட்டா?”

“ஒண்ணும் பண்ண முடியாதுங்கய்யா.”

போலீசுக்குப் போனால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றாள். சட்டம் கைவிரித்துவிட்டது என்றதும் வாடிப்போகிற முகங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவரோ மெல்லத் தலையாட்டிக்கொண்டார்.

“உங்க போன்ல ஒரு கால் பண்ணிக்கட்டுமாம்மா? என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டாங்க. வெளியில போயிட்டா தைரியமும் வராது.”

அவள் மேசைத் தொலைபேசியை நகர்த்திக் கொடுத்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து அழுத்தினார்.

சின்ன அறை. மறுமுனையில் எடுத்த பெண்ணின் குரல் வக்கீலம்மாவுக்கும் கேட்டது. கடைப் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று உற்சாகமாகக் கேட்டது அந்தக் குரல்.

வேறு யாரோ பேசுவதுபோலப் பெரியவரின் வார்த்தைகள் கரகரத்து வந்தன.

“நாளைக்குக் காலையில ஒரு மலர்வளையம் வேணும்.”

வெள்ளை ரோஜாவா, லில்லியா என்று அந்தப் பெண் கேட்டாள். எது நன்றாக இருக்குமோ அது என்றார். நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

“ரிப்பன்ல யார் பேரைப் போடணும், சார்?”

பெரியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“உன் பேரைப் போடும்மா. போனது உன் அம்மா.”