இருட்டுன்னு யார் சொன்னது?

"அதெப்படி சார், ஆயிரம் வருஷமும் ஒரே இருட்டாவா இருந்திருக்கும்?"

கேள்வி பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் பாய்மேல் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன், மூக்குக் கண்ணாடியை ஒருதரம் சரிசெய்துகொண்டான். வயது இருபத்துமூன்று. பி.ஏ. பாஸ் பண்ணி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் தோரணைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அப்பாவின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, குரலையும் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டுதான் மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து கச்சேரி ரோட்டுக்குப் பாடம் சொல்ல வருவான்.

கைலி வியாபாரி ஷரஃபுதீன் வீட்டில் கோஷா. பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவர்கள் பேரைக்கூட வெளி ஆளிடம் சொல்லும் வழக்கமில்லை. "வீட்டுல ஒருத்தங்க மெட்ரிக் பரீட்சை எழுதணும் சார், திரைக்கு இந்தாண்ட உக்காந்து சொல்லிக் குடுங்க" என்றார் ஷரஃபுதீன். அவ்வளவுதான். அவருக்கு ஒரே மகள் என்பது தெருவுக்கே தெரியும். அதற்குமேல் துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று பாண்டுரங்கனும் விட்டுவிட்டான்.

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு கொழந்தே" என்றான். "ரோம் ராஜ்யம் விழுந்துடுத்து. பள்ளிக்கூடமெல்லாம் மூடிண்டு போயிடுத்து. எங்க பார்த்தாலும் சண்டை, கொள்ளை நோய். எழுதப் படிக்கத் தெரிஞ்சவா ரொம்பக் கொஞ்சம். அதனால இருண்ட காலம்னு பேர்."

"பேர் வெச்சது யாரு? அந்தக் காலத்துல இருந்தவங்களா?"

"இல்லே, அப்புறமா வந்தவா."

"நல்லா இருக்கே நியாயம்! நான்தான் விளக்கேத்தினேன்னு பீத்திக்கணும்னா, முன்னாடி இருந்ததை இருட்டுன்னு சொன்னாத்தானே தோது?"

பாண்டுரங்கனுக்குச் சுருக்கென்றது. காலேஜில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. அவன் மட்டும் என்ன கேட்டானா? நெட்டுருப் போட்டு ஒப்பித்துவிட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்தவன்தானே!

"வாஸ்தவம்தான்" என்று இறங்கி வந்தான். "மடங்கள்ல சன்யாசிகள் பழைய ஏட்டையெல்லாம் உக்காந்து பிரதி எடுத்துண்டுதான் இருந்தா. பாக்தாத்துல கிரேக்க சாஸ்திரங்களை அரபியில எழுதி வெச்சா. ஏன், இதோ நான் போட்டுண்டிருக்கேனே மூக்குக் கண்ணாடி, இதுகூட அந்தக் காலத்துலதான் வந்தது."

"அப்போ யாரும் சும்மா இல்ல. எழுதி வைக்கலைன்னா ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடுமா சார்? உலை வைக்காம, தொட்டில் ஆட்டாமயா ஆயிரம் வருஷம் ஓடிச்சு?"

"பேஷ்!" என்று தொடையில் தட்டினான் பாண்டுரங்கன். "இதையே பரீட்சையில எழுதிடு கொழந்தே. திருத்தறவன் ஆடிப்போயிடுவான்!"

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டது போல இருந்தது.

பாடம் முடிந்து அவன் கிளம்பும் சமயம், ஷரஃபுதீன் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பேரீச்சம்பழம், கல்கண்டு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"சார், அல்லா கிருபையில பொண்ணுக்கு நிக்காஹ் முடிவாயிடுச்சு. மாப்பிள்ளை ஆம்பூர். மார்ச் மாசம் வெச்சிக்கீது. நீங்க அவசியம் வரணும்."

பாண்டுரங்கனுக்குப் பகீரென்றது. மார்ச்சில்தான் பரீட்சை. கல்யாணமாகி ஆம்பூர் போய்விட்டால் அப்புறம் பரீட்சையாவது, சரித்திரமாவது! தட்டை வாங்கிக்கொள்ளாமலே எழுந்துவிட்டான். குரலில் இருந்த கனமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"சாஹிப், நான் சின்னவன், சொல்லக்கூடாது. நிக்காஹை ஒரு மாசம் தள்ளி வெச்சுடுங்கோ. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"இன்னா சார், இன்னா ஆச்சு?"

"போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலியாச்சே, அப்போ எனக்கு இருந்த வேலையும் போயிடுத்து. ஒரு மனுஷனும் கூப்பிட்டு ஏன்னு கேக்கலை. நீங்கதான் கூப்பிட்டேள். அந்த நன்றியை நான் சாகற மட்டும் மறக்க மாட்டேன். அதுக்கும் மேலே ஒண்ணு இருக்கு. பி.ஏ. படிச்சது நானா இருக்கலாம். சரித்திரத்தை எப்படிப் பார்க்கணும்னு எனக்குக் கத்துக் குடுத்தது உங்காத்துக் கொழந்தை. அந்தப் புத்தியை அடுப்பங்கரையில பூட்டி வெச்சுடாதேங்கோ! பரீட்சை மட்டும் எழுதிடட்டும்!"

அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டுவிட்டது. தலைப்பாகை ஒரு பக்கமாகச் சரிந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஷரஃபுதீன் திருதிருவென்று விழித்தார். "அரே, நிக்காஹ் நடந்தா பரீட்சைக்கு இன்னா சார்? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"அதெப்படி சாஹிப் முடியும்?"

திரை லேசாக அசைந்தது. எப்போதும் படபடவென்று கேள்வி கேட்கும் அந்தக் குரல் இப்போது நிதானமாக வந்தது.

"சார், எனக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிக் கெஞ்சினதில்ல. நீங்க நல்லா இருக்கணும். கொழந்தே, கொழந்தேன்னு நீங்க கூப்பிடும்போதெல்லாம் திருத்தணும்னு நெனைப்பேன், மனசே வராது. என்னை அப்படி ஒருத்தர் கூப்பிட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நிக்காஹ் என் மகளுக்கு சார். பரீட்சை எழுதப்போறது நான்."