டாக்டர் கெய்தரின் நாடகம்

"காரை விட்டு இறங்குடா, பயலே!"

டாக்டர் எர்னஸ்டின் கெய்தர் போட்ட சத்தத்தில் போலீஸ் நிலையத்து ஹாலே அதிர்ந்தது.

கார் என்று ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் சார்ஜென்ட் டோலன் உட்கார்ந்திருந்தார்.

1968-ல், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் எங்கள் ஊரில் இனக் கலவரம் ஓய்ந்த மறு வருஷம், மேயர் ஏற்பாடு செய்த வகுப்பு அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரை ஒருவர் மதிக்கப் போலீஸ்காரர்களைப் பழக்க வேண்டுமாம். அதற்கு வந்த மனோதத்துவ டாக்டரே ஒரு கறுப்பினப் பெண்மணி. நிலையத்தின் ஒரே கறுப்புப் போலீஸ்காரனான எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் அன்றைக்கு மண் விழுந்தது.

இடம் மாறி நடிப்பதுதான் பாடம். வெள்ளைக்கார சார்ஜென்ட், கார் ஓட்டி வரும் கறுப்பர். டாக்டர்தான் போலீஸ்.

"சரி எர்னஸ்டின், மூஞ்சியில கரி பூசிக்கட்டுமா?" என்று சார்ஜென்ட் கேட்டபோது ஹாலே சிரித்தது.

"டாக்டர் கெய்தர்னு கூப்பிடுங்க. கரி வேண்டாம், தொப்பி போதும்" என்று ஒரு தொப்பியை அவர் தலையில் வைத்தவர், சடாரென்று ஆளே மாறிப்போனார்.

"எங்கடா திருடின இந்தக் காரை?"

"இது என்னோட கார்தாங்க" என்றார் சார்ஜென்ட், இளித்துக்கொண்டே.

"உன் மூஞ்சிக்கு இப்படி ஒரு கார் கேக்குதா? என்னடா இளிப்பு? தொப்பியை எடுத்துட்டுப் பேசுடா!"

சொன்னதோடு நிற்கவில்லை. அவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டியும் விட்டார். அது உருண்டு போய்ச் சுவரோரம் விழுந்தது.

"குனிஞ்சு எடு. குனிடா பயலே!"

ஐம்பது வயது மனிதரைப் போய் 'பயலே' என்கிறாரே! எனக்கே உடம்பு கூசியது. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

சார்ஜென்ட் எழுந்துவிட்டார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"போதும் நிறுத்து! ஒத்துமையைச் சொல்லித்தர வந்தியா, எங்க மேல வஞ்சம் தீர்த்துக்க வந்தியா?"

பின்னால் நின்றிருந்த தலைமை அதிகாரி பிரிக்ஸ் முன்னால் வந்தார்.

"டாக்டர், இது ரொம்ப ஓவர். சார்ஜென்ட்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா வகுப்பை இன்னியோட மூட்டை கட்டிடலாம்."

இந்த வகுப்பும் போனால், எங்கள் தெருக்களில் மறுபடி கல்லும் தடியும்தான் பேசும். ஓடிப்போய் டாக்டர் காதோரம் கெஞ்சினேன்.

"அக்கா, ஒரு வார்த்தை சாரி சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேன் தம்பி. எதுக்குன்னு சார்ஜென்ட் சொல்லட்டும்."

"எதுக்கா?" சார்ஜென்ட் கத்தினார். "எந்தப் போலீஸ்காரன் இப்படிப் பேசறான்? வயசுக்கு மரியாதை இல்லாம பயலேன்னு கூப்பிட்டு, தொப்பியைத் தட்டிவிட்டு... பொய்! எல்லாம் உன் கற்பனை! அப்படி ஒருத்தன் இருந்தா இந்தச் சட்டையைப் போட அவனுக்கு யோக்கியதை இல்லை!"

"அப்படி ஒருத்தன் என் நிலையத்துல இருந்தா, அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் அதிகாரி.

"கேட்டியா? இப்பப் பேரைச் சொல்லு பார்ப்போம்!" என்றார் சார்ஜென்ட்.

டாக்டர் சுவரோரம் போய்த் தொப்பியை எடுத்தார். தூசி தட்டி, இரண்டு கையாலும் சார்ஜென்டிடம் நீட்டினார். குரல் தாழ்ந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க, சார்ஜென்ட். உங்க பேரைச் சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். போன ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வர்றப்ப, மேப்பிள் தெரு முனையில எங்க காரை நிறுத்தி நீங்க பேசினதைத்தான் பேசினேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கலை. ஓட்டிட்டு வந்தது என் வீட்டுக்காரர். பக்கத்து சீட்ல நான் இருந்தேன். நீங்க என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."