மூன்றாவது குழாய்

சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாயில் சோப்புநீர் தடவினால், கசியும் இடத்தில் நுரை பொங்கும். மூன்றாவது புதுக் குழாயிலும் அதே இடத்தில், ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே பொங்கியது. ஐந்து நாளாக வீட்டில் சமையலே இல்லை.

"கழட்டி, காத்தடிச்சு, தண்ணியில முக்கினா கசியவே இல்லக்கா. சிலிண்டரை எடுத்துட்டுப் போயிடுறேன்," என்றார் மெக்கானிக்.

"இருங்க தம்பி."

வீட்டுக்காரப் பெண் ரெகுலேட்டரை மூடிவிட்டு அடுப்பை இடப்பக்கம் நகர்த்தினாள்.

"நகர்த்தினா கசிவு பயந்து ஓடிடுமா?"

குழாய் இப்போது வேறு வழியாகப் போனது. ரெகுலேட்டரைத் திறந்து முழுக்கச் சோப்புநீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே, வெறும் காற்றில் பிரஷை நீட்டினாள். அங்கே ஒரு குமிழி உப்பி நின்றது.

மெக்கானிக் குமிழியைச் சுற்றிக் கையை வீசிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஓட்டை குழாயில இல்ல, அந்த இடத்துலதான்!"

அடுப்பு நீலமாக எரிந்தது. குழாய் அந்த இடத்தைத் தொடாமல் போனால் கசிவே இல்லை.